மஞ்சள் நரம்பு

கேலனின் கடையில் ஒரு சுவர் முழுக்க நரம்பு.
மோனோ, ஃப்ளோரோகார்பன், பின்னல்,
நாலு பவுண்டிலிருந்து முப்பதுவரை
சுருள் சுருளாய்த் தொங்குகிறது.
"ஆழம் எவ்வளவு? தண்ணீர் கலங்கலா?
இழுவை எப்படி?" என்கிறார் கேலன்.
பதினாறு அடி, பால் விடாத தேநீர் நிறம்,
அணையில் மூன்று கதவு திறந்திருக்கிறது என்றேன்.
கையைப் பற்றி அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

ஆறு சுற்று மருந்து ஏற்றினார்கள்.
கட்டி போயிற்று, போகிற போக்கில்
விரல்நுனிகளையும் கூட்டிக்கொண்டு.
சட்டைப் பொத்தான் துளையில் ஏறிவிட்டதா என்று
கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.
வெந்நீரின் சூட்டை முழங்கையிடம் கேட்கிறேன்.

ஜிக்கை ஆற்றுத் தரையோடு இழுத்துப் போவதென்றால்
எல்லாமே விரல்நுனி சமாசாரம்.
படகு நடைவேகத்தில் பாதி.
கால் அவுன்ஸ் ஈயம்
சரளையில் டிக், டிக், டிக்,
சிப்பிமேட்டில் கரகர,
மணலில் ஒன்றுமே இல்லை.
வால்ஐ மீன் பாய்ந்து கவ்வாது.
டிக் நின்றுவிடும், அவ்வளவுதான்,
பேசிக்கொண்டிருந்தவர்
வாக்கியத்தின் நடுவில் மறந்துபோன மாதிரி.

முப்பது வருஷமாய் எனக்கு எட்டு பவுண்டு மோனோ.
வென்டெலுக்கு இன்றைக்கும் அதுதான்.
"கொஞ்சம் நீளும், மீனின் வாய் கிழியாது,
குளிரில் வளையத்தில் உறையாது" என்பான்.
எல்லாம் உண்மை.
அந்த நீளுவதில்தான் வம்பு.
அறுபதடிக்கு அப்பாலிருந்து மீன் அனுப்பும் சேதியை
வழியிலேயே தின்றுவிடுகிறது.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
மூன்று நரம்பையும் ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் கட்டி
ஒவ்வொன்றாய்க் கூடத்தின் மறுகோடிவரை இழுத்துப் பிடித்து
கண்ணை மூடி உட்கார்ந்தேன்.
வென்டெல் தேக்கரண்டியால் தட்டினான்.
மோனோ:
"ஆரம்பி." "நாலு தடவை தட்டிவிட்டேன், மேவிஸ்."
ஃப்ளோரோ: ஏதோ இருந்தது, அல்லது ஆசை.
பின்னல்: விரலில் இல்லை,
மணிக்கட்டு எலும்பில்,
பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறாற்போல்.
"இரண்டு" என்றேன்.
இரண்டுதான்.

ஆகவே பத்து பவுண்டு பின்னல், மஞ்சள்.
நுனியில் மூன்றடிக்கு நிறமில்லாத ஃப்ளோரோ.
அந்த மீனுக்கு இருட்டிலும் தெரிகிற கண்.
எனக்குத் தெரியவேண்டும், அதற்குத் தெரியக்கூடாது.
இரண்டையும் சேர்க்கிற முடிச்சு எனக்கு வரவில்லை.
வென்டெல் போட்டான்,
எச்சில் தொட்டு இறுக்கி,
பின்னலைத் திட்டிக்கொண்டே.

ஏப்ரல் முதல் வாரம்.
தண்ணீர் குடித்த பின்னல்
வளையங்களில் உறைந்துபோய் நின்றது.
வாயால் ஊதி ஊதி விடுவித்தேன்.
வென்டெல் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததைச் சத்தமாகவே செய்தான்.

பழுப்புத் தண்ணீரில் மஞ்சள் கோடு.
நான் அதையே பார்த்திருந்தேன்.
மணிக்கட்டு ஏதும் சொல்லுமுன்
கோடு ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்ந்தது.
வீசி இழுத்தேன்.
பத்தொன்பது அங்குலம்.
வாய் கிழியவில்லை,
அவனுக்குக் காட்டினேன்.

பிறகு ஜிக் ஒரு மூழ்கிய மரத்தில் மாட்டியது.
கையில் இரண்டு சுற்று சுற்றி
பிடித்து இழுத்தேன், பழைய பழக்கம்.
மோனோவானால் மன்னித்திருக்கும்.
முடிச்சில் அறுந்தது. சிரித்தேன்.
வென்டெல் சிரிக்காமல்
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
மஞ்சள் சிவப்பாகிக்கொண்டிருந்தது.
வேறு யாருடைய விரலோ போல நானும் பார்த்தேன்,
எலும்புவரை போகவில்லை.

கட்டுப் போட்டான், பல்லால் டேப் கிழித்து.
புது முடிச்சும் போட்டான், இந்த முறை திட்டவில்லை.
"கறை பட்டதுவரை வெட்டிவிடவா?"
"வேண்டாம்."

கழுவியும் அது முழுக்கப் போகவில்லை.
இப்போது அந்தச் சிவப்பு வளையம் தாண்டி
தண்ணீரைத் தொடும்போது
அறுபதடி வெளியே இருக்கிறது என்று கணக்கு.